வளவில் நின்ற தண்ணீர்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. வேதியியலில் முதுகலை முடித்துக் காரைக்குடியில் வங்கி வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் பள்ளத்தூர்ப் பக்கம். இங்கிலாந்தில் படைப்பெழுத்துக்கான ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். ஆங்கிலத்தில் மூன்று கதைகள் எழுதியிருக்கிறேன், ஒன்றை இணைத்துள்ளேன். எழுதுவதை ஒருவர் சொல்லித்தர முடியுமா, அதற்கு இவ்வளவு பணமா என்று அப்பச்சி கேட்கிறார்கள். வேலை கிடைக்குமா என்றும் பயமாக இருக்கிறது. எங்கள் ஊரைப் பற்றி எழுதலாம் என்றால் இங்கே ஒன்றும் நடப்பதில்லை. பாதி பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு, அதில் அப்பத்தா மட்டும். மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போகலாமா?

மெ.

அன்புள்ள மெ.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் கம்பன் விழா முடிந்து நாட்டரசன்கோட்டையிலிருந்து திரும்பியிருந்தேன். கம்பன் கழகத்தை சா. கணேசன் 1939இல் தொடங்கினார். இன்றும் பங்குனியில் காரைக்குடியில் நடக்கும் விழா, அத்தத்தன்று கம்பன் சமாதியில் வந்து நிறைகிறது. அங்கே உட்கார்ந்து அரங்கேற்றம் என்கிற வழக்கத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்தால் போதாது, சபையில் வாசிக்க வேண்டும், கேட்கிறவர்கள் தடை சொல்ல வேண்டும் என்று நம்மவர்கள் ஏன் வைத்தார்கள்? தொல்காப்பியத்துக்கே ஓர் அதங்கோட்டாசான் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது என்று அதன் பாயிரம் சொல்கிறது.

பணத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அது நீங்களும் அப்பச்சியும் பேச வேண்டியது. கடன் வாங்கிப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். வேலைக்கு உங்களிடம் வேதியியல் இருக்கிறது.

சொல்லித்தர முடியுமா என்பது பழைய கேள்வி. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936இலேயே எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1970இல் நாவலாசிரியர்கள் ஆங்கஸ் வில்சனும் மால்கம் பிராட்பரியும் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது முதல் மாணவர் நாவலாசிரியர் இயான் மெக்இவான். பின்னால் அங்கே படித்த கஸுவோ இஷிகுரோவுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுக்கு எழுத வந்தது அந்த வகுப்பால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நடக்கிற ஒரு காரியத்தில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒருவர் கதையை மற்றவர்கள் முன்கூட்டியே வாசித்துவிட்டு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடிக்கிற வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது பல பட்டறைகளில் முறை. நம் அரங்கேற்றத்தில் புலவர் எழுந்து தடைக்கு விடை சொல்லலாம். பட்டறையில் அதுவும் கிடையாது. தன் வரி அடுத்தவர் காதில் என்னவாக விழுந்தது என்று கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அது பெரிய படிப்பு.

எனக்கு அந்தப் படிப்பு 11 வயதில் கிடைத்தது. என் அப்பா ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அந்த வீட்டு ஆச்சியின் மகன் பினாங்கில். மாதம் ஒரு கடிதம் ஆச்சி சொல்ல நான் எழுத வேண்டும். நீல நிற ஏரோகிராம், ஒரே தாள், அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். தாளை வீணாக்கக் கூடாது என்பதால் முதலில் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி, வாசித்துக் காட்டி, ஆச்சி சரியென்ற பிறகுதான் நீலத் தாளில் ஏறும்.

ஓர் ஐப்பசியில் ஆச்சி சொன்னார்கள்: “நல்ல மழை. தூம்பு அடைச்சுக்கிட்டு வளவுல தண்ணி நின்னுச்சு. குச்சிய விட்டுக் குத்துனேன், வடிஞ்சிருச்சு.” வளவு என்பது வீட்டின் நடுவே இருக்கும் திறந்த முற்றம், தூம்பு அதன் வடிகால். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியிருந்தேன். ‘மகனே, உன்னைக் காணாமல் என் கண்கள் குளமாகின்றன’ என்று எழுதி வாசித்தேன்.

“நிறுத்து. யாரு கண்ணு?”

“உங்க கண்ணுதான் ஆச்சி.”

“நான் எப்ப அழுதேன்? அதை அடி. வளவுல தண்ணி நின்னதை எழுது.”

“அது சும்மா மழைதானே ஆச்சி?”

“அவனுக்குத் தெரியும். நீ எழுது.”

எனக்கு அழுகை வந்தது. அடித்துவிட்டு எழுதினேன். பினாங்கிலிருந்து வந்த பதிலில் மகன் கேட்ட முதல் கேள்வி, “தூம்பு குத்த ஆள் வைக்கக் கூடாதா ஆத்தா?” என்பது. அதை நான்தான் ஆச்சிக்கு வாசித்தேன். அந்த வீட்டில் மழைக்குள் இறங்கிக் குச்சி பிடிக்க வேறு ஆளில்லை என்பது அந்த வரிக்குள் இருந்திருக்கிறது. எழுதிய கை என்னுடையது, எனக்குத் தெரியவில்லை. என் கண்ணீர்க் குளம் போயிருந்தால் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்.

இப்போது உங்கள் கதை. அது லண்டன் மழையில் நடக்கிறது. நீங்கள் லண்டனைப் பார்த்ததில்லை. பார்க்காத மழையில் ஒரு பெண்ணை ஆறு பக்கம் நனைய விட்டுவிட்டு, நாலு பக்கம் தாழ்வாரத்திலிருந்தும் மழை வளவில் கொட்டுகிற வீட்டில் பிறந்தவர் ‘இங்கே ஒன்றும் நடப்பதில்லை’ என்று எழுதுகிறீர்கள். இதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. பூட்டின அறைகளுக்கு நடுவே ஒரு மனுஷி தனியாக விளக்கேற்றிக்கொண்டிருப்பது நடப்பதில்லையா? எந்த அறையை எந்த வருஷம் பூட்டினார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று அப்பத்தாவிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

ஆங்கிலத்தில் எழுதுவது குற்றமில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர் 1945இல் தெற்கிலுள்ள ஜார்ஜியா மாநிலத்திலிருந்து அயோவா போனபோது அவர் பேச்சு அங்கிருந்த ஆசிரியருக்குப் புரியவில்லை, எழுதிக் காட்டச் சொன்னார். அந்த ஊர்ப் பேச்சை அவர் கடைசிவரை தன் கதைகளில் விடவில்லை. உங்கள் ஆங்கிலத்தில் பள்ளத்தூர் ஒரு சொல்லாகக்கூட இல்லை. எழுதி முடித்ததைத் திரும்ப வாசித்த தடமும் இல்லை. ஒரே பெண்ணுக்கு இரண்டாம் பக்கத்தில் ஒரு பெயர், ஐந்தாம் பக்கத்தில் வேறு பெயர். இப்படியே விண்ணப்பத்தோடு அனுப்பாதீர்கள். அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். ஆனால் அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதையை அப்பத்தாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் அவர்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறார்களோ அங்கே ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து புதிதாக எழுதுங்கள். மாதக் கடைசிக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது.