ஏரியும் சிறு படகும்: வாசகர் கேள்வி – பதில்

ஒன்ராறியோ ஏரியில் சொந்தப் படகில் சால்மனும் ட்ரவுட்டும் பிடிக்கப் போகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் மயிலிட்டியில் வளர்ந்தவன். கடலுக்குப் போய் வந்தால் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவாமல் வீட்டுக்குப் போக மாட்டோம். இங்கே ஏரியே நல்ல தண்ணீர். பழைய 16 அடி அலுமினியப் படகொன்றை 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுடன் வாங்கியிருக்கிறேன். பராமரிப்பில் எதை விடலாம், எதை விடக்கூடாது? (ஸ்காபுரோ வாசகர்)

பதில்: கழுவுவதைப் பெரும்பாலும் விடலாம். ஊரில் உப்புக்குக் கொடுத்த கவனத்தை இங்கே பனிக்குக் கொடுங்கள். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும் என்பதால், கியர்ப் பெட்டிக்குள் புகுந்த சிறிதளவு தண்ணீர்கூடச் சனவரிக் குளிரில் அலுமினிய வார்ப்பைப் பிளந்துவிடும். ஆகவே படகை இலையுதிர்காலத்தில் கரையேற்றியதும் எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தித் தண்ணீரை வடியவிட்டு, கியர் ஒயிலையும் எஞ்சின் ஒயிலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள், ஈரமும் அமிலமும் கலந்த பழைய ஒயிலை ஆறு மாதம் எஞ்சினுக்குள் ஊறவிடுகிறார்கள். பெற்றோல் தாங்கியை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் திரவத்தைச் சேர்த்து, அது எஞ்சின் வரை போய்ச் சேரும்படி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பற்றரியை முழுதாக மின்னேற்றி வைத்தால் எந்தக் குளிரையும் தாங்கும். வெறுமையான பற்றரி பூச்சியத்துக்குச் சில பாகைகள் கீழே இறங்கியதுமே உறையும்.

பழைய எஞ்சின் என்பதால் இன்னும் இரண்டைப் பாருங்கள். முதலாவது, எஞ்சினின் அடிப்பகுதியில் திருகியிருக்கும் அனோட் தகடு. மற்றப் பாகங்கள் அரிபடாமலிருக்கத் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. கடலில் ஓடிய எஞ்சினாக இருந்தால் அது துத்தநாகமாக இருக்கக்கூடும். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் கடினமான படலம் படிந்து அது வேலையை நிறுத்திவிடும். மக்னீசியம் அல்லது அலுமினியத் தகடாக மாற்றுங்கள். இரண்டாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் இறப்பர்ச் சுழலியான இம்பெல்லர். முன்பிருந்தவர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிட்டு, அதன்பின் இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். எஞ்சின் ஓடும்போது பின்பக்கத் துளையிலிருந்து பீறிடும் நீர்த்தாரை மெலிந்தால், அன்றைய மீன்பிடியை மறந்துவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள்.

அலுமினியப் படகின் தகடுகளை இணைக்கும் தறைகள் காலப்போக்கில் தளர்ந்து கசியும். எந்தத் தறை என்று கண்டுபிடிக்க எளிய வழி, படகு ட்ரெயிலரில் இருக்கும்போதே உள்ளே நாலு விரற்கடை தண்ணீர் விட்டு, கீழே படுத்திருந்து எங்கே சொட்டுகிறது என்று பார்த்துச் சோக்கட்டியால் வட்டமிடுவதுதான்.

கேள்வி: கியர் ஒயிலை வடித்தபோது பால்தேநீர் நிறத்தில் வந்தது. எஞ்சின் எங்கும் மோதவில்லை. என்ன காரணம்? (மார்க்கம் வாசகர்)

பதில்: ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. தூண்டில் இழுத்துத் திரியும் படகுகளில் இதற்கு முதற்காரணம் பெரும்பாலும் தூண்டில் நூல்தான். அறுந்த நூல் புரொப்பெல்லரின் பின்னால் அச்சில் சுற்றி, இறுகி, உராய்வில் உருகி, ஒயிலைத் தடுத்து வைத்திருக்கும் இறப்பர் சீலைக் கத்திபோல் வெட்டிவிடும். என் படகில் ஒரு ஆகஸ்ட் மாதம் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தபோது, பச்சை நிறப் பின்னல்நூல் மோதிரம்போல் இறுகிக் கிடந்தது. நகத்தால் கிள்ளி எடுக்க முடியாமல் சவரத்தகட்டால் சீவி எடுத்தேன். நூல் எப்போது அறுந்தது என்பதே எனக்கு நினைவில்லை. சீலை மாற்றி, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்த பின்னரே புதிய ஒயிலை நிரப்பச் சொல்லுங்கள். வெறும் ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு எஞ்சினைப் பனிக்கு விடாதீர்கள். பருவத்தில் மாதமொருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பது கால்மணி நேர வேலை.

கேள்வி: மே மாதத்தில் கரையோரமாகவே நன்றாகப் பிடித்தோம். ஜூலையில் அதே இடத்தில் ஒன்றும் இல்லை. மீன்காட்டியில் 60 அடியில் மீன்கள் தெரிகின்றன, ஆனால் கடிக்கவில்லை. ஆழமாக இறக்க வேண்டுமா, தூண்டிலை மாற்ற வேண்டுமா? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: தூண்டிலை மாற்றுமுன் வெப்பமானியைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏரியின் நடுப்பகுதி கடுங்குளிராக இருக்கும். கரையோர ஆழமற்ற நீர் முதலில் சூடாவதால் இரைமீன்களும் அவற்றைத் துரத்தும் சால்மனும் அங்கே கூடும். கோடையில் நிலைமை தலைகீழ். மேலே 20 பாகைக்கு மேற்பட்ட வெதுவெதுப்பான நீர், கீழே கடுங்குளிர் நீர், இடையில் சில அடிகளுக்குள்ளேயே வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய அடுக்கு என ஏரி பிரிந்துகொள்ளும். சினூக் சால்மன் விரும்புவது ஏறத்தாழ 10 முதல் 13 பாகை செல்சியஸ். ஏரி ட்ரவுட் அதைவிடக் குளிரை, 7 முதல் 10 பாகையை, நாடும். ரெயின்போ ட்ரவுட் சற்று மேலேயே நிற்கும். நீங்கள் 60 அடியில் கண்டவை 7 பாகை நீரில் படுத்திருக்கும் ஏரி ட்ரவுட்டாக இருந்தால், சினூக்குக்கான வேகத்தில் இழுக்கும் தூண்டில் அவற்றைச் சீண்டாது.

அந்த அடுக்கு ஒரே ஆழத்தில் நிற்பதில்லை என்பதுதான் நம் கரையின் சிக்கல். மேற்குக் காற்று இரண்டு நாள் பலமாக வீசினால், பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது தெற்கே நியூயோர்க் கரையை நோக்கி, நகரும். அதன் இடத்தை நிரப்ப ரொறன்ரோப் பக்கக் கரையில் அடிக்குளிர்நீர் மேலெழும். நேற்றுக் குளித்த பிள்ளைகள் இன்று கால் நனைக்கவே மறுக்கும் நாட்கள் அவை. சால்மன் கரைக்கு அருகிலேயே கிடைக்கும். கிழக்குக் காற்று வீசினால் சூடான நீர் நம் கரையில் குவிந்து, குளிர் அடுக்கு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது வெளியே ஓடத்தான் வேண்டும். ஆகவே புறப்படும் நாளின் வானிலையை மட்டும் பாராமல், அதற்கு முந்திய மூன்று நாட்களின் காற்றையும் குறித்து வையுங்கள்.

அடுத்தது வேகம். சினூக்குக்கு மணிக்கு 2.2 முதல் 2.8 மைல், ஏரி ட்ரவுட்டுக்கு 2 மைலுக்கும் கீழே என்பது பொதுவான தொடக்கம். ஆனால் திரையில் ஜிபிஎஸ் காட்டுவது தரைக்குச் சார்பான வேகம். ஆழத்தில் வேறு திசையில் நீரோட்டம் இருந்தால் உங்கள் தூண்டில் முற்றிலும் வேறு வேகத்தில் போகும். இதைக் கருவி இல்லாமலே அறியலாம். கனமான குண்டைக் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிகரின் கம்பி தண்ணீருக்குள் இறங்கும் சாய்வைப் பாருங்கள்: கிழக்கே போகும்போது கம்பி மிகவும் பின்னுக்குச் சரிந்து, மேற்கே திரும்பியதும் ஏறத்தாழ நேராக நின்றால், கீழே நீரோட்டம் இருக்கிறது. அப்போது திரையின் எண்ணை மறந்துவிட்டு, இரண்டு திசையிலும் கம்பி ஒரே சாய்வில் நிற்கும்படி எஞ்சினைக் கூட்டிக் குறையுங்கள். நேர்கோட்டில் ஓடாமல் பாம்புபோல் வளைந்து ஓடுவதும் நல்லது. வளைவின் வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்து உயரும். உட்பக்கத் தூண்டில் வேகம் தளர்ந்து தாழும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ, அன்றைக்கு மீன் கேட்கும் வேகம் அதுதான்.

தூண்டிலைப் பொறுத்தவரை கடையில் தொங்கும் நிறங்களில் மயங்க வேண்டாம் என்பது என் கருத்து. பசிபிக் கடலுக்குரிய சினூக்கை இந்தப் பேரேரிகளில் வேரூன்றச் செய்த முயற்சி, மிச்சிகன் மாநிலம் 1966இல் கோஹோ சால்மனையும் 1967இல் சினூக்கையும் விட்டதோடு தொடங்கியது. பெருகிப்போன ஏல்வைஃப் என்ற சிறுமீனைத் தின்னட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இன்றும் சினூக்கின் முதன்மை இரை அதுவே. நம் சூடைக்கு உறவான வெள்ளிநிற மீன் அது. அதன் அளவில் வெள்ளிநிற ஸ்பூன் என்ற தகட்டுத் தூண்டில் ஒன்றும், மின்னி மீனை ஈர்க்கும் ஃப்ளாஷர் தகட்டுக்குப் பின்னால் இரண்டு அடி நூலில் ஒரு பச்சை ஈத்தூண்டிலும் இருந்தால் ஒரு கோடையை ஓட்டிவிடலாம். அடிக்கடி கடிபட்டுத் தவறினால் அந்த இரண்டடி நூலைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

ஜூலையில் நூலில் ஈரப்பஞ்சு போல் ஒன்று திரண்டு தூண்டிற்கோலின் வளையங்களை அடைக்கிறதென்று இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். அது முள்வால் கொண்ட நீர்த்தெள்ளு. அதில் ஒருவகை 1998இல் இந்த ஏரியில் கண்டறியப்பட்டது. தடித்த ஒற்றையிழை நூலில் குறைவாகவே ஒட்டும்.

கேள்வி: 14 அடிப் படகு, 9.9 குதிரைவலு எஞ்சின். என்னென்ன பத்திரம் வேண்டும்? (பிக்கரிங் வாசகர்)

பதில்: படகுக்கான உரிம எண் 10 குதிரைவலுவிலிருந்துதான் கட்டாயம், உங்கள் எஞ்சின் மயிரிழையில் தப்பிவிடுகிறது. ஆனால் எந்த எஞ்சின் படகை ஓட்டுபவருக்கும், படகோட்டும் தகுதியைக் காட்டும் இயக்குநர் அட்டை வேண்டும். மீன்பிடி உரிமம் வேறு. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்கும் வாளி, ஊதுகுழல் ஆகியவை படகில் இருக்க வேண்டும். மே மாத நீரில் விழுந்தவருக்குச் சில நிமிடங்களிலேயே கைவிரல் மடங்காது என்பதால் அங்கியை இருக்கையின் கீழ் வைக்காமல் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள். இன்னொன்று: 2022 முதல் ஒன்ராறியோவில் படகை வீதியில் கொண்டுசெல்லுமுன் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் களைகளை அகற்ற வேண்டும் என்பது சட்டம். கழற்றிய அடைப்பானை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். நான் அப்படிக் கட்டத் தொடங்கியது, இறக்குதுறையில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்ற ஒரு காலைக்குப் பிறகுதான்.

கேள்வி: கணவர் 20 இறாத்தல் சால்மனோடு வருகிறார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? (அஜின்கோர்ட் வாசகி)

பதில்: ஒன்ராறியோ அரசு வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியில் ஏரியின் பகுதி, மீனின் வகை, நீளம் ஆகியவற்றைப் பார்த்து மாதத்துக்கு எத்தனை வேளை என்று அறியலாம், பிள்ளைகளுக்கும் கருவுறும் வயதுப் பெண்களுக்கும் அதில் தனி அளவு இருக்கிறது. பெரிய மீனில் மாசு கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால், பிள்ளைகளுக்குச் சிறிய மீனையே ஒதுக்கி வையுங்கள். பிசிபி என்ற நச்சு கொழுப்பில் தங்குவது. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டுக் கருஞ்சதையையும் வெட்டியெறிந்துவிட்டு, கொழுப்பு வடியும்படி கம்பித்தட்டில் சுட்டால் குறையும். குழம்பு வைத்தால் கொழுப்பு குழம்போடேயே தங்கிவிடும். பாதரசம் சதையிலேயே இருப்பதால் அதை வெட்டிக் களைய முடியாது. வழிகாட்டி சொல்லும் எண்ணிக்கைதான் அதற்கு அளவு.