கடன் கொப்பியும் கடைவீதியும்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தின் பழைய மஸ்கெலியாக் கடைவீதியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். 1972இல் குடும்பத்தோடு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். இப்போது கூடலூரில் இருக்கிறோம். புடவைக்கடை, பாண் கடை, சலூன் என்று அவர் வரிசையாகச் சொல்லக் கேட்பது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் புறப்படும் வாரத்தில் மளிகைக்கடைக் கடனை அடைப்பதற்காகத் தாத்தா வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை விற்றதாகவும் அவரே சொன்னார். நம் மக்களின் சம்பளத்தை உறிஞ்சிய கடைகளை இத்தனை அன்போடு நினைவுகூரத்தான் வேண்டுமா?

கூடலூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் தாத்தா விற்ற பாத்திரங்களை விட்டுவிட்டு அந்தக் கடைவீதியை எழுத முடியாது என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். காசு கொடுத்து வாங்குவோருக்கு ஒரு விலை, கொப்பியில், அதாவது கடன் கணக்கு நோட்டில், எழுதி வாங்குவோருக்கு அதைவிடக் கூடிய விலை என்பது பலசரக்குக் கடைகளில் எல்லோரும் அறிந்த வழக்கமாக இருந்தது. தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணிகளின் கடனில் அவர்களைப் பிணைத்து வைத்த துண்டு (கடன் சீட்டு) முறையைச் சட்டம் 1921இல் ஒழித்தது. ஆனால் பத்தாம் திகதிச் சம்பளம் கைக்கு வருமுன்பே செலவாகிவிடும் வாழ்க்கையை எந்தச் சட்டமும் மாற்றவில்லை. அந்தப் பள்ளத்தில்தான் கடன் கொப்பி வந்து உட்கார்ந்தது. 1973, 74 பஞ்சக் காலத்தில் மாவைப் பதுக்கிய கடைகளும் இருந்தன. இவற்றை மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

இருந்தும் அந்த வீதியை நான் நேசிப்பதற்குக் காரணம் உண்டு. குடியிருந்த லயக்காம்பிரா (வரிசை வீட்டு அறை), குழாய்த் தண்ணீர், பிள்ளைக்காம்பிரா (குழந்தைகள் காப்பகம்), மருந்து, நடந்து போகும் பாதை என எங்களுக்கு எல்லாமே தோட்டத்துடையவை. ஊரிலிருந்து வரும் கடிதம்கூடத் தோட்டத்து அலுவலகத்தின் வழியாகத்தான் கைக்கு வரும். அப்படிப்பட்ட மனிதர் ஒருவர், இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்லி நின்ற ஒரே இடம் கடைவீதி.

எங்கள் வீட்டுக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சம்பளத்துக்கு முதல்நாள் இரவு, குப்பி விளக்கின் வெளிச்சத்தில் நான்தான் அதை வரி வரியாக வாசிப்பேன். ஒருமுறை ஒரே திகதியில் கருவாடு அரை றாத்தல் என்று இரண்டு இடங்களில் எழுதியிருந்தது. மறுநாள் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போதே, “முதலாளி, நாங்க என்ன ஒரு நாளைக்கு ஒரு றாத்தல் கருவாடு திங்கிற ஆளுகளா?” என்று அம்மா கேட்டார். முதலாளி கொப்பியை வாங்கிப் பார்த்தார்; காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு வரியை வெட்டினார்; தன் பேரேட்டிலும் அதே வரியை வெட்டி, கூட்டுத்தொகையைத் திருத்திக் காட்டினார். அன்று காலையில்தான் இதே அம்மா, சம்பளத்தில் எதற்கெதற்கோ பிடித்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், கைநாட்டு வைத்துவிட்டுச் சம்பள மேசையிலிருந்து விலகி வந்தார். கணக்குக் கேட்கலாம் என்ற துணிவை அவருக்குக் கொடுத்தது அந்தக் கடைவாசல். கடையை மாற்றுவதற்கு முதலில் கடனைத் தீர்த்தாக வேண்டும் என்பதால் அந்தத் துணிவுக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை மறுக்கமாட்டேன்.

அலுவலகத்தில் பிரித்துப் பார்த்துவிடுவார்கள் என்று அஞ்சியவர்கள் கடை விலாசத்துக்குக் கடிதம் வருவித்தார்கள். மேசைக்கு மேலே தொங்கிய கம்பியில் அவை குத்தப்பட்டிருக்கும். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் முடிவு செய்த பிறகு, எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று தெரியாமல் திகைத்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவரும் பெரும்பாலும் கடையில் கணக்கு எழுதியவர்தான். உங்கள் தாத்தாவின் படிவத்தை நிரப்பிய கையே அவருடைய கடனையும் கூட்டியிருக்கக்கூடும். இந்த இரண்டில் எதையும் மற்றதைக் கொண்டு அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலாளிமாரில் பலரும் நம்மைப் போலவே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 1983 ஜூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. ஆண்டுக்கணக்கான பேரேடுகளும் அவற்றோடு போயின. பழைய மஸ்கெலியாவுக்கு நேர்ந்தது வேறு: 1969இல் மவுஸ்ஸாக்கலை அணை கட்டி முடிக்கப்பட்டபோது அது நீருக்குள் போனது, மேட்டில் புதிய நகரம் எழுந்தது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டும். பத்திரிகைகளில் படம் வரும். எந்தக் கடை எங்கே இருந்தது, யார் யாருக்குக் கடன் கொடுத்தது என்பதை அந்தப் படங்களிலிருந்து அறிய வழியில்லை. அதை அறிந்தவர்கள் உங்கள் அம்மாவின் வயதினர். அவர்களிலும் பாதிப்பேர் நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் சிதறியிருக்கிறார்கள்.

ஆகவே ஓர் உதவி கேட்கிறேன். கோயில் பக்கத்திலிருந்து தொடங்கி, வலப்புறமும் இடப்புறமும் இருந்த கடைகளை வரிசையாக அம்மாவைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். என்ன விற்றார்கள், எதில் கொப்பி வைத்திருந்தார்கள், தராசில் யார் நேர்மையானவர், யார் ஏமாற்றுவார் என்பதையும் அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா பாத்திரங்களை விற்றது எந்தக் கடைக் கடனுக்காக என்பதும் அதில் இருக்கட்டும். என் நினைவில் உள்ள வரிசையை நான் எழுதி அனுப்புகிறேன். வேறுபடும் இடங்களை அவரிடம் கேட்டுத் திருத்துவோம்.

அன்புடன்.