கோடைக்குப் புதுத்துணி எடுக்காமல், பீரோவில் இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா?

முடியும். தாராளமாக முடியும். பல வருஷமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

வெளியே சுற்றுகிற வேலை, இரண்டு மாத வெயிலுக்காகத் தனியாகத் துணி எடுக்கக் கட்டுப்படியாகவில்லை, இருப்பதில் எதை எப்படிப் போடலாம், மே மாதம் ஒரு கல்யாணம் வேறு இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வைத்து உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், பைக்கில் போகிறீர்கள், ஆபீசில் ஃபார்மல் சட்டை கட்டாயம் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தாலும் பாதியாவது பொருந்தும்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். வீடு கடலூரில். புதுச்சேரி, பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம் என்று மாற்றி மாற்றி ஓட வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும், கத்திரி வெயிலிலும் டக் இன், ஷூ, பல கம்பெனியில் டை. டாக்டர் உள்ளே ஏசியில் இருப்பார், நாம் வெளியே நோயாளிகளோடு நிற்போம், கூப்பிட்டு உள்ளே போனால் கிடைப்பது இரண்டு நிமிஷம், அந்த நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் எந்த மருந்தைப் பற்றிப் பேசியும் பிரயோஜனம் இல்லை. ஆகவே துணியைப் பற்றி யோசிப்பது எனக்கு ஷோக்கு இல்லை, பிழைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. "ஆம்பளைக்கு என்னய்யா சம்மர் டிரஸ் பிளான்" என்று கேட்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். என் மச்சானே கேட்பார். அவர் நாள் பூரா ஏசி கடையில் கல்லாவில் உட்காருகிறவர், கேட்கத்தான் செய்வார்.

எங்கள் ஊரில் மாசி மகத்துக்கு சாமியெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்துவிட்டுப் போனபிறகு வெயில் முறைக்க ஆரம்பிக்கும். அதை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவை மொத்தமாகக் காலி செய்து கட்டிலில் கொட்டுவேன். கொட்டியதும் எல்லோரும் நிறம் பார்த்துப் பிரிப்பார்கள், இது ஆபீசுக்கு, இது விசேஷத்துக்கு என்று. நான் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது நூல். பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வேர்வையைத் துணி வாங்கவில்லை என்றால் அது உடம்பிலேயே வழியும். நாம் பருத்தி என்று நினைத்து வைத்திருக்கும் சட்டைகளில் நிறைய டெரிகாட்டன்தான், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டராகவே இருக்கும். கசங்காமல் இருக்கிறது, அயர்ன் வேண்டாம் என்று பெருமையாக வாங்கியிருப்போம், கசங்காததற்குக் காரணமே அதுதான்.

லேபிள் கிழிந்து போயிருந்தால் சட்டையின் அடி மடிப்பில் உள்பக்கமாக ஒரு நூலை உருவி, வாஷ் பேசின் பக்கத்தில் நின்று, தீக்குச்சியில் காட்டுங்கள். பேப்பர் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பாகக் கெட்டி மணி விழுந்தால் பாலியஸ்டர். இரண்டும் கலந்து நடந்தால் கலப்பு. ரேயானும் பேப்பர் வாசனைதான் தரும், அதை நனைத்தால் கண்டுபிடிக்கலாம், தண்ணீர் பட்டதும் தொளதொளவென்று தொங்கும். ரேயானைக் காட்டன் என்றே விற்கிற கடைகள் உண்டு. அது குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் வேர்வையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிவிடும்.

பாலியஸ்டரே ஆகாது என்று நான் சொல்லவில்லை, அதற்குள் யாராவது சண்டைக்கு வர வேண்டாம். விளையாட்டு ஜெர்சி எல்லாம் அதில்தான் வருகிறது, சீக்கிரம் காயும், மழைக்காலத்தில் எனக்கு அதுதான் துணை. மே மாதம் பகல் பதினொரு மணிக்கு ரெட்டிச்சாவடி தாண்டி பைக்கில் போகிறவனுக்கு அது வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். அவற்றை ஒரு பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள், கண்ணில் பட்டால் அவசரத்தில் கை அதற்குத்தான் போகும்.

இனி முக்கியமான விஷயம். இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெயில் எல்லா ஊரிலும் ஒரே வெயில் இல்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை ஆவியாகாமல் அப்படியே நிற்கும். மதியம் கடல் காற்று உள்ளே வந்தால் பிழைத்தோம், மேற்குக் காற்று பலமாக அடித்து கடல் காற்று தாமதமானால் 40 டிகிரியைத் தாண்டுகிற நாளும் உண்டு. விருத்தாசலம் பக்கம் போனால் வறட்டு வெயில், வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், தோல்தான் எரியும். ஆகவே விருத்தாசலம், நெய்வேலி போகும் நாளில் நான் தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை போடுவேன். கை மூடியிருந்தால் எரிச்சல் இல்லை, துணிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று ஓடினால் போதும். கடலூர், புதுச்சேரி நாளில் இருப்பதிலேயே மெல்லிய அரைக்கை. எங்களுக்கு மாதம் பூரா எந்த நாள் எந்த ஊர் என்று டூர் புரோகிராம் முன்கூட்டியே போய்விடும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டைகளை அந்த வரிசையில் ஹேங்கரில் மாட்டிவிடுவேன். காலையில் யோசிக்கிற வேலையே இல்லை. உங்களுக்கும் வாரத்தில் எந்த நாள் ஆபீசுக்குள், எந்த நாள் வெளியே என்று ஓரளவு தெரிந்திருக்குமே, அதுவே போதும்.

இருக்கிற சட்டையெல்லாம் முழுக்கையாக இருந்தால்? வெட்டுங்கள். திருப்பாப்புலியூரில் எனக்குத் தெரிந்த டைலர் பாய் ஒருவர் இருக்கிறார். காலரும் கைப்பட்டியும் நைந்து போன நல்ல பருத்திச் சட்டைகளை அவரிடம் கொண்டுபோவேன். கையை அரைக்கையாக வெட்டுவார், காலரைப் பிரித்து அடிப்பக்கத்தை மேலே திருப்பித் தைப்பார், சட்டை இன்னும் இரண்டு கோடைக்கு வரும். பழைய ஆட்களுக்குத் தெரிந்த வேலை இது. முதல் தடவை கேட்டபோது, "சார், இதைப் பிரிக்கிற நேரத்துல புதுசா ஒண்ணு தச்சுடுவேன்" என்றார். "புதுசுக்கு வாங்குற கூலியே வாங்கிக்கங்க பாய்" என்றதும் சிரித்துவிட்டு வாங்கி வைத்தார், கூலியைக் குறைத்துத்தான் வாங்கினார். ஓரத்தையும் பிரித்து ஒரு விரல் அளவு லூசாக்கித் தரச் சொல்வேன். ரெடிமேட் சட்டையில் உள்ளே விட்டிருக்கும் துணியே கிடையாது, அதில் இது நடக்காது.

இன்னொரு புதையல் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, கல்யாணம் காதுகுத்துக்கு வைத்துக் கொடுத்த சட்டை பிட். ஓரத்தில் 1.60 மீட்டர் என்று அச்சடித்து, அட்டைப்பெட்டியோடு கிடக்கும். கொஞ்சம் பருமனான ஆளுக்கு அதில் முழுக்கை இழுபறி, அரைக்கைக்குத் தாராளம். நூல் எரித்துப் பார்த்துப் பருத்தி என்று தெரிந்ததை மட்டும் தைக்கக் கொடுத்தேன். புதுத்துணி வாங்கவில்லை என்கிறாய், தையல் கூலி மட்டும் காசு இல்லையா என்று கேட்பீர்கள். காசுதான். வீட்டில் இருந்த துணி என்பதால் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன், அது என் இஷ்டம்.

இந்தப் பிட்டில் தைத்த சட்டையோடு ஒருமுறை ஏரியா மேனேஜரிடம் மாட்டினேன். ஜாயிண்ட் வொர்க்குக்கு, அதாவது என்னோடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்க, வந்திருந்தார். சிதம்பரத்தில் பஸ் விட்டு இறங்கினதும் முதல் கேள்வி, "டை எங்கே, அரைக்கை எதுக்கு?" நான் தப்பே செய்யவில்லை. மே மாதம் டை கட்டாயமில்லை என்று எங்கள் கம்பெனி சர்க்குலரே இருந்தது, அவர்தான் படிக்கவில்லை. செல்போனில் எடுத்துக் காட்டினேன், முகம் சுருங்கிப் போயிற்று. அவர் போட்டிருந்ததோ பளபளவென்ற வெளிர் நீல முழுக்கைச் சட்டை. மதியத்துக்குள் அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் கரும்பட்டை, டாக்டர் ரூமுக்குள் போகும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றார். சாயங்காலம் டீ குடிக்கும்போது, "இந்தத் துணி எங்க எடுத்தீங்க?" என்றார். வளைகாப்பில் வைத்துக் கொடுத்தது சார் என்றேன், நம்பவே இல்லை. ரிப்போர்ட்டில் என் தோற்றத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போனார், அது வேறு.

நிறம் கடைசியில் என்று சொன்னேனே, அது இதுதான். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளிர் நீலமும் சாம்பல் நிறமும்தான் வேர்வைக் கறையை அப்படியே படம் போட்டுக் காட்டும். வெள்ளை காட்டாது. சின்னக் கட்டம், மெல்லிய கோடு போட்டது காட்டாது. அந்த நீலமும் சாம்பலும் உங்களிடம் நிறைய இருந்தால் ஏசிக்குள் இருக்கும் நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். பேன்ட்டில் காலைக் கவ்வுகிற நேரோவை ஒதுக்கிவிட்டு, மடிப்பு வைத்த பழைய லூஸ் பேன்ட்டை எடுங்கள், பேஷன் போனது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஜீன்ஸ் கூடவே கூடாது. கனத்தில் காயவே காயாது, தொடையில் வேர்க்குரு வந்தால் அப்புறம் பைக் ஓட்டவும் முடியாது.

குறைந்த துணியில் ஓட்ட வேண்டுமென்றால் தினமும் அலசியே ஆக வேண்டும். பை வார் பட்ட இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், ராத்திரியே வெறும் தண்ணீரில் அலசிவிட்டால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசல் மட்டுமாவது குழாய்த் தண்ணீரில். அக்குள் மஞ்சளுக்கு பிளீச்சிங் போடாதீர்கள், இன்னும் மஞ்சளாகும். ஆப்ப சோடாவைக் குழைத்துத் தேய்த்து ஊறவைத்துத் துவையுங்கள். கஞ்சி வேட்டிக்கு மட்டும், சட்டைக்குப் போட்டால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மதியமே பிசுபிசுக்கும்.

காயப் போடுவதுதான் கஷ்டம். நாங்கள் இருப்பது வாடகை வீடு, மொட்டை மாடிக்கு வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுவிட்டார். வெயிலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருக்கிறாராம், மிதித்தால் உரியுமாம். அவர் வீட்டு வடாம் மட்டும் அங்கேதான் காய்கிறது. வடாத்துக்குக் கால் இல்லை போலிருக்கிறது. கரண்டுக்கும் இதே கதைதான். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் ரேட், வீடுகளுக்கு இவ்வளவு யூனிட் இலவசம் என்று அரசு கொடுப்பது குடித்தனக்காரன் கைக்கு வந்து சேருவதே இல்லை. கேட்டால், "உங்களுக்கு ஃபேன் ஜாஸ்தி ஓடுது சார்" என்கிறார். மாடியைப் பூட்டினால் துணி ஃபேனில்தானே காய வேண்டும்? அட்வான்சிலும் பெயின்ட் செலவு பிடிப்பேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். சரி, இதை ஆரம்பித்தால் முடியாது. மெல்லிய பருத்தியாக இருந்தால் உதறி ஹேங்கரில் மாட்டி பால்கனியில் விட்டாலே காலைக்குள் காய்ந்துவிடும், கனமான துணி ஈர வாடை அடிக்கும். மெல்லியதாகப் பொறுக்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பனியன் போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம், கை இல்லாத மெல்லிய பருத்திப் பனியன். கூட ஒரு அடுக்கு என்றாலும் வேர்வையை முதலில் அது வாங்கும், சட்டையில் கறை தெரியாது. பையில் மாற்றுப் பனியன் ஒன்று வைத்திருந்தால் மதியத்துக்கு மேல் புது ஆளாக இருக்கலாம்.

கல்யாணம் பற்றி. சில்க் சட்டை என்று வைத்திருப்பீர்களே, அதன் நூலையும் ஒருமுறை எரித்துப் பாருங்கள். முடி கருகுகிற நாற்றம் வந்தால் பட்டு, உருகினால் வேறு. உருகுகிறதாக இருந்தால் பருத்தி வேட்டியும் வெள்ளை அரைக்கையும் கட்டிக்கொண்டு போங்கள், அதை மடித்துக் கையோடு எடுத்துப்போய் தாலி கட்டுகிற நேரத்தில் போட்டோவுக்கு மட்டும் போட்டுக் கழற்றிவிடுங்கள். பந்தியில் பண்ருட்டிப் பலாச்சுளை வைத்தால் அதற்கு முன்னாடியே கழற்றிவிடுவது நல்லது. பால் பட்டால் தேங்காய் எண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும், அந்தத் துணியில் அப்புறம் எண்ணெய் போகாது.