சங்கத்துக்குப் போனால் கேஸ் கட்டு கிடைக்குமா?

வாசகர் கேள்விகள் – சட்ட பதில்கள்

கேள்வி: கும்பகோணம் கோர்ட்டில் எங்கள் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. வக்கீலை மாற்றலாம் என்றால், பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார். வக்கீல் சங்கத்தில் புகார் செய்தால் அவர் லைசென்ஸ் ரத்தாகுமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: ஆகாது. சங்கம் என்பது அந்த ஊர் வக்கீல்கள் சந்தா கட்டிச் சேர்ந்திருக்கும் அமைப்பு, அவ்வளவுதான். ஒருவரைத் தொழில் செய்யாமல் நிறுத்தும் அதிகாரம், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆவது பிரிவுப்படி, சென்னையில் இருக்கும் பார் கவுன்சிலுக்குத்தான் உண்டு. இருந்தாலும் முதலில் சங்கத்துக்கே போங்கள். தலைவரும் செயலாளரும் அவரை அதே வளாகத்தில் தினம் பார்ப்பவர்கள். பாக்கியைப் பேசி முடித்து, கட்டையும் வக்காலத்து (வழக்கை நடத்த வக்கீலுக்கு நீங்கள் தரும் அதிகாரப் பத்திரம்) மாற்றத்துக்கான சம்மதக் கையெழுத்தையும் வாங்கித் தர அவர்களால் முடியும். பார் கவுன்சில் புகார் முடிய ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை உங்கள் வாய்தாக்கள் காத்திருக்காது.

வாய்மொழியாகச் சொன்னால் வேலைக்கு ஆகாது. வழக்கு எண், கொடுத்த தொகை, கேட்ட தேதி எல்லாம் எழுதி, வக்கீலுக்கு ஒரு கடிதம் அனுப்பித் தபால் அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். அதன் நகலோடு சங்கத்துக்கு மனு கொடுங்கள். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி நியாயமானது என்றால் அவர் தனியாக வசூலிக்க வேண்டும். சம்மதக் கையெழுத்து கிடைக்காவிட்டால், புது வக்கீல் கோர்ட்டிலேயே மனு போட்டு அனுமதி வாங்கலாம்.

பிராது (வாதி தாக்கல் செய்த வழக்கு மனு), எதிர்வாதம் எல்லாம் கோர்ட்டில் இருக்கின்றன, நகல் மனு போட்டால் வந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், இன்னும் கோர்ட்டில் தாக்கல் செய்யாத ஒரிஜினல் பத்திரங்களில். அவை அவர் பீரோவில் இருந்தால் பேச்சுவார்த்தைதான் நல்ல வழி. இனிமேலாவது ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில் ஒரிஜினலைக் கொண்டு போங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது.

கேள்வி: சங்கம் கோர்ட் புறக்கணிப்பு அறிவித்தால் வாய்தாவுக்குப் போகாமல் இருக்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: போய்விடுங்கள். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் புறக்கணிப்புகள் நடக்கத்தான் செய்கின்றன. பெரும்பாலும் வழக்கு தள்ளிப்போகும். ஆனால் தள்ளிவைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. பெயர் கூப்பிடும்போது யாரும் இல்லையென்றால் வாதியின் வழக்கு தள்ளுபடியாகலாம், பிரதிவாதிக்கு எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே ஒருதலையாகத் தீர்ப்பு, ஆகலாம். தள்ளுபடியையும் எக்ஸ்பார்ட்டி டிகிரியையும் ரத்து செய்ய மனுப் போடக் கெடு 30 நாள். அது தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, தனிச் செலவு. கிரிமினல் வழக்கில் இன்னும் மோசம்: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) வராத நாளில் அவருக்காக மனுப் போடும் வக்கீலும் இல்லை என்றால், பிடிவாரண்டு வந்துவிடலாம். நேரில் நின்று, வக்கீல் வரவில்லை என்று சொல்லி, அடுத்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டாலும் தேதி தெரியும்.

கேள்வி: சம்பா அறுத்து குத்தகை நெல் அளக்கப் போனால் நிலத்துக்காரர் வாங்க மறுக்கிறார். பாக்கி காட்டி வெளியேற்றப் பார்க்கிறார் என்று பயமாக இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை. சங்கம் இலவசமாக ஆள் தருமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் பயம் நியாயம்தான். முதலில் நாள்கணக்கு. 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதைக் கோர்ட்டில் கட்டிவிடலாம். நெல்லாக அளப்பது வழக்கமென்றால், கட்டும் நாளின் சந்தை விலைப்படி பணமாகக் கட்ட வேண்டும். இதற்கு முன்சீப் கோர்ட் அல்ல, வருவாய் நீதிமன்றம். மாற்றி முன்சீப் கோர்ட்டில் போய் நிற்பவர்கள் நிறைய. அலைவதற்குள் அந்த ஒரு மாதம் கரைந்துவிடும். கெடு தவறி வெளியேற்ற மனு வந்தாலும் உடனே நிலம் போய்விடாது. பாக்கியைக் கட்ட அவகாசம் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த அவகாசத்தையும் விட்டால்தான் ஆபத்து. உங்கள் பெயரில் இருக்கும் அடங்கல் (சாகுபடிப் பதிவு), கொள்முதல் நிலைய ரசீது, பழைய குத்தகை ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள்.

இலவச வக்கீலைத் தருவது சங்கம் அல்ல, கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழு. அவர்கள் பட்டியலில் இருப்பவர்களும் சங்கத்து வக்கீல்கள்தான் என்பதால் சங்க அலுவலகத்தில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அப்படியே. கஜா புயலைக் கண்ட நம் பக்கத்தில் இந்தப் பிரிவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெள்ளைத்தாளில் மனு, அடையாள அட்டை நகல், தகுதிக்கான சான்று போதும், கட்டணம் கிடையாது. தொலைபேசியில் கேட்க 15100.

கேள்வி: ஒரு கொலை வழக்கில் எதிரிக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டால் செல்லுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: செல்லாது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே 2010இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய தீர்மானங்கள் சட்டவிரோதம் என்றது. வக்கீல் கிடைக்கவில்லை என்று எதிரி நீதிபதியிடமே சொல்லலாம், அரசுச் செலவில் ஒருவரை நியமிப்பார்கள். காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்றும் தேவையில்லை.