நான் எழுதிய டிவிடி மட்டும் ஏன் என் போர்ட்டபிள் பிளேயரில் ஓடவில்லை?

கடையில் வாங்கிய படம் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்கைப் போட்டால் 'நோ டிஸ்க்' என்று வருகிறது, பிளேயரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் எந்த வகை டிஸ்கில் எழுதினீர்கள் என்று பாருங்கள்.

நான் கல்யாண வீடியோ எடிட்டிங்கில் பல வருடம் இருந்தவன். நடமாட முடியாத ஒரு பாட்டிக்காகப் பேரன் கல்யாணத்தை, அழித்து மறுபடி எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் எழுதிக் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. அவர் கட்டிலருகே இருந்த சின்ன பிளேயரில் ஓடவே இல்லை. அன்று சாயங்காலமே ஒரே முறை எழுதக்கூடிய சாதாரண டிவிடி-ஆர் ஒன்றில் மெதுவாக எழுதிக் கொண்டுபோய்ப் போட்டேன், ஓடியது. தாலி கட்டும் இடத்தை மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார்.

விஷயம் வெளிச்சத்தில் இருக்கிறது. கடை டிஸ்கில் தகவல் குழிகளாக அச்சாகியிருக்கும். அது லேசர் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். டிவிடி-ஆரில் சாயப் பூச்சு, அதுவும் ஏறக்குறைய அதே அளவு. அழித்து எழுதும் ஆர்டபிள்யூவில் இருப்பது உலோகக் கலவை; திரும்புவது 18 முதல் 30 சதவீதம்தான். லேசர் தேய்ந்த பிளேயருக்கு அது போதாது.

ஒரே முறை எழுதும் டிஸ்கில் மைனஸ், பிளஸ் என்று இரண்டு வகை. மைனஸ் வகையான டிவிடி-ஆர் 1997-லேயே வந்துவிட்டது, பிளஸ் ஆர் (டிவிடி+ஆர்) 2002-ல்தான். அதனால் பழைய பிளேயருக்கு மைனஸ் வகையே பத்திரம். கையில் இருப்பது பிளஸ் ஆர் மட்டும்தான் என்றால், இம்ஜ்பர்ன் மென்பொருளில் 'புக் டைப்' என்பதை, அதாவது இது எந்த வகை டிஸ்க் என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை, டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதுங்கள். உங்கள் டிரைவ் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பிளேயர் அதை அச்சு டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். எம்பி4 ஃபைலை அப்படியே டிஸ்கில் காப்பி செய்தால் அது டேட்டா டிஸ்க், டிவிடி வீடியோ ஆகாது. டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் போட்டு மாற்றினால் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் உருவாகும். அதை எழுதி, கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டும், அதாவது எழுதியது முடிந்தது என்று டிஸ்கை மூட வேண்டும். அதைச் செய்யாத டிஸ்க் எழுதிய டிரைவில் மட்டும் ஓடி ஏமாற்றும்.

எழுதும் வேகம் 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் போதும். 4.7 ஜிபி என்று அட்டையில் இருந்தாலும் கம்ப்யூட்டர் கணக்கில் 4.38 தான். விளிம்புவரை நிரப்ப வேண்டாம், வெளி ஓரத்தில்தான் படம் தடுமாறும். டிஸ்க் மேல் பேப்பர் லேபிள் ஒட்டாதீர்கள். சின்ன மோட்டார் சுற்றும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும்.

இத்தனையும் செய்த டிவிடி-ஆரும் ஓடவில்லை என்றால், பேட்டரியை விட்டு அடாப்டரில் போட்டுப் பாருங்கள், லென்ஸை உலர்ந்த பஞ்சால் மெல்லத் துடையுங்கள். அப்போதும் கடை டிஸ்க் மட்டுமே ஓடினால் லேசர் பலவீனமாகியிருக்கலாம். பிளேயரில் யுஎஸ்பி துளை இருந்தால் பென்டிரைவில் போட்டுப் பாருங்கள், அதற்கு லேசரே தேவையில்லை.