கோச் கூப்பிட்டிருக்கிறார், கேம்பஸில் போய் என்ன பார்ப்பது?

கேள்வி: நாங்கள் டெக்ஸாஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் 11-ம் வகுப்பு, டென்னிஸ் ஆடுகிறாள். இரண்டு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் முதல் தட்டு) கல்லூரிகளின் கோச்கள் ‘அஃபிஷியல் விசிட்’ வரச் சொல்கிறார்கள். ஒரு டிவிஷன் 3 கல்லூரியும் கூப்பிடுகிறது. நாங்களும் கூடப் போகலாமா? என்ன பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது? ஸ்காலர்ஷிப் பேச்சை எப்போது எடுப்பது?

பதில்: தாராளமாகப் போகலாம். அஃபிஷியல் விசிட் என்றால் செலவு கல்லூரியுடையது. டிவிஷன் 1-ல் மகளோடு குடும்பத்தினர் இரண்டு பேர் வரைக்கும் பயணம், தங்குமிடம், சாப்பாடு கொடுக்க விதியில் இடம் உண்டு. இரண்டு இரவு தங்கலாம். முன்பு மொத்தமே ஐந்து விசிட்தான். 2023 ஜூலை முதல் எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் ஒரு கல்லூரிக்கு ஒரு தடவைதான், தலைமை கோச் மாறினால் ஒழிய. அதனால் காரில் போகிற தூரம் என்றால், முதலில் சொந்தச் செலவில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ‘அன்அஃபிஷியல்’ விசிட்டுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது.

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ-வின் தகுதி மையத்தில் மகள் பதிவு செய்திருக்க வேண்டும்; மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் கையில் இருக்க வேண்டும். டிவிஷன் 1 கேட்கும் 16 அடிப்படைப் பாடங்களில் 10-ஐ 12-ம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும்; அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியல். பள்ளி கவுன்சலரிடம் இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

தேதியை கோச் சொன்னபடியே ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்கன் ஃபுட்பால் நடக்கிற சனிக்கிழமையாகப் பார்த்துக் கூப்பிடுவது பல கல்லூரிகளின் வழக்கம். ஸ்டேடியம் நிரம்பி வழியும், ஊரே ஒரே நிறத்தில் சட்டை போட்டிருக்கும், பிள்ளை அங்கேயே மயங்கிவிடும். அதில் டென்னிஸைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. வகுப்பு நடக்கிற வியாழன், வெள்ளி கேளுங்கள். வசந்த காலத்தில், சொந்த மைதானத்தில் மேட்ச் உள்ள நாளாக அமைந்தால் இன்னும் நல்லது.

மேட்ச் பார்க்கும்போது முதல் கோர்ட் பக்கம் போகாதீர்கள்; அங்கே ஆடுவது அணியின் முதலிடக்காரி. கல்லூரி டென்னிஸில் மூன்று இரட்டையர் ஆட்டங்களுக்குச் சேர்த்து ஒரு புள்ளி, ஆறு ஒற்றையர் ஆட்டங்களுக்கு ஆளுக்கொரு புள்ளி. நான்கு எடுத்த அணி ஜெயிக்கும். கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாக வருவாய்ப் பங்கு கொடுக்க வழிவிட்டு 2025-ல் வந்த நீதிமன்ற உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்குப் பத்து பேர்தான் வரம்பு. பத்தில் ஆறு பேர் ஒற்றையர் ஆடுவார்கள், மீதிப் பேர் வேலிக்கு வெளியே கைதட்டுவார்கள். உங்கள் மகள் முதல் வருடம் எங்கே நிற்பாள்? ஐந்தாம், ஆறாம் இடத்தில் ஆடுகிறவர்களின் யுடிஆர் (ஆட்டத் திறனைக் காட்டும் தர எண்) என்ன என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். கல்லூரி ஆட்டத்தில் கோச் இடையில் வந்து பேசலாம். ஆறாம் கோர்ட்டில் 2-5 என்று பின்தங்கியிருக்கும் பெண் பெஞ்சில் வந்து உட்காரும்போது வேலியோரம் நில்லுங்கள். அந்த ஒன்றரை நிமிடத்தில் கோச் என்ன சொல்கிறார், என்ன தொனியில் சொல்கிறார், அல்லது வரவே இல்லையா என்பது, அவர் அறையில் போட்டுக் காட்டும் ஸ்லைடுகளில் இருக்காது.

டிவிஷன் 1 டென்னிஸில் விசிட்டின்போது கோச் அவளை மைதானத்தில் இறக்கிச் சோதிக்கக் கூடாது. ஆட்டத்தைத்தான் டோர்னமென்ட்களிலும் வீடியோவிலும் பார்த்துவிட்டார்களே. இப்போது பார்ப்பது ஆளை. அதனால் பேச வேண்டியவள் மகள், நீங்கள் அல்ல. நம் வீடுகளில் இது கொஞ்சம் கஷ்டம்: கோச் அவளைப் பார்த்துக் கேட்டால் அப்பா பதில் சொல்வார், அம்மா திருத்துவார். அவள் தயங்கினாலும் பரவாயில்லை, வாயைத் திறக்காதீர்கள்.

இரவில் அவளை அணி வீராங்கனைகளோடு விடுதியில் தங்க வைப்பார்கள், நீங்கள் ஹோட்டலில். விடுங்கள், விசிட்டின் சாரமே அங்கேதான். பார்ட்டி ஏதாவது இருந்து பிடிக்கவில்லை என்றால் எந்நேரமும் உங்களைக் கூப்பிடலாம் என்று மட்டும் முன்பே சொல்லி வையுங்கள். அங்கே அவள் நடந்துகொள்கிற விதம் மறுநாள் காலை கோச் காதுக்குப் போகும், அதுவும் தெரிந்திருக்கட்டும். வீராங்கனைகளிடம் ‘கோச் எப்படி?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்பார்கள். ‘போன வருடம் யார் யார் அணியை விட்டுப் போனார்கள், ஏன்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ‘போன வாரம் உங்கள் போன் காலண்டரைக் காட்டுங்களேன்’ என்றும் கேட்கலாம். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்பது விதி. ஆனால் பயணமும் பிசியோவும் அதில் சேராது. மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரக் கணக்குதான். காலண்டரைப் பார்த்தால் உண்மை தெரியும். மதியப் பயிற்சியும் வேதியியல் லேபும் மோதுகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மகள் சைவம் என்றால் வெளியூர் மேட்ச் பஸ்ஸில் என்ன சாப்பாடு வரும் என்றும் கேட்கட்டும். சாலட்டை வைத்து மூன்று செட் ஆட முடியாது.

கோச்சிடம் கேட்க முக்கியமான கேள்வி ஒன்று: அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனை பேரைப் பள்ளியிலிருந்து எடுக்கப் போகிறீர்கள், எத்தனை பேரை டிரான்ஸ்ஃபரில்? இப்போது ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமலே வீரர்கள் கல்லூரி மாறலாம். அனுபவமுள்ள 21 வயதுக்காரி கிடைக்கும்போது 18 வயதுப் பெண்ணுக்காகக் காத்திருக்கப் பல கோச்களுக்குப் பொறுமை இல்லை.

பணப் பேச்சை முதல் நாள் டின்னரில் எடுக்காதீர்கள். பெரும்பாலும் கடைசி நாள் காலை கோச் தன் அறையில் உட்கார வைத்துப் பேசுவார். அப்போது நீங்களும் பேசலாம். தொகையா, சதவீதமா? ஃபீஸ் ஏறினால் கூடுமா? ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? அடிபட்டு ஆட முடியாமல் போனால்? வாய்வார்த்தை இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. இந்தக் கல்லூரியில்தான் சேருவேன் என்று கையெழுத்திடும் பழைய ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ முறையையும் 2024-ல் எடுத்துவிட்டார்கள். கையெழுத்தான உதவித்தொகை ஒப்பந்தம்தான் இப்போது செல்லுபடி. அந்த அறையிலேயே சரி என்று சொல்லிவிடாமல், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

டிவிஷன் 3-ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம். படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. 12-ம் வகுப்புக்கு முந்தைய கோடையில் அட்மிஷன் அலுவலகம் விண்ணப்பத்தை முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் ‘ப்ரீ-ரீட்’ நடக்குமா என்று அந்த கோச்சிடம் கேளுங்கள். டிவிஷன் 1-ல் கால்வாசி ஸ்காலர்ஷிப் என்றால், மீதி முக்கால்வாசியையும் இதையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக, நீங்கள் சொல்லாத ஒரு விஷயம். மகள் எச்-4 விசாவில் (எச்-1பி-யில் வேலை செய்பவரின் குடும்பத்தினருக்கானது) இருந்தால் ஸ்காலர்ஷிப் வாங்கத் தடை இல்லை. ஆனால் விளம்பர வருமானம், கல்லூரியின் வருவாய்ப் பங்கு போன்றவை வேலை செய்து சம்பாதித்ததாகக் கருதப்படலாம். எச்-4 பிள்ளைக்கும் சரி, 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாலும் சரி, அது ஆபத்து. இதில் கோச் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். விசிட் அட்டவணையில், விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலரோடு அரை மணி நேரம் போடச் சொல்லுங்கள். அவர் சொன்னதை உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.