ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி? – விளையாட்டு கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், 800 மீட்டர் ஓடுகிறேன். என் சிறந்த நேரம் 2 நிமிடம் 24 விநாடி. பல்கலைக்கழகப் போட்டியில் ஐந்தாவதாக வந்த பிறகு, மூன்று மாதத்தில் 2 நிமிடம் 12 விநாடிக்குள் ஓடியே தீர வேண்டும் என்று பயிற்சியாளர் கூறிவிட்டார். இரண்டு வாரம் உற்சாகமாக இருந்தது. இப்போது மைதானத்துக்குப் போகவே மனம் வரவில்லை, எப்போதும் சோர்வாகவும் இருக்கிறது. பெரிய இலக்கு வைப்பதே தவறா, ஐயா?
– ஒரு மாணவி, நாமக்கல்

பதில்: பெரிய இலக்கு வைப்பது தவறில்லை. ‘முடிந்தவரை நன்றாக ஓடு’ என்று சொல்வதைவிட, தெளிவான, கடினமான ஓர் இலக்கைக் கொடுப்பதே கூடுதல் பலன் தருகிறது என்பதை எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் பல ஆண்டு ஆய்வுகளின் வழியே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த இலக்கை ஏற்றவர் மனதார ஏற்றிருக்க வேண்டும் என்றும், அதை எட்டுவதற்கான திறன் அவரிடம் இருக்க வேண்டும் என்றும், எவ்வளவு நெருங்கியிருக்கிறோம் என்பது அவ்வப்போது தெரிய வேண்டும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் இந்த மூன்றுமே ஆட்டம் கண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ரோஜர் பேனிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்து, பதக்கம் இல்லாமல் திரும்பினார். ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணியவருக்கு மீண்டும் ஓடக் காரணமாக அமைந்தது, ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்ற இலக்கு. மனிதரால் முடியாதது என்று பலர் பேசிய இலக்கு அது. ஆனால் 1953 மே மாதத்திலேயே அவர் 4 நிமிடம் 3.6 விநாடியில் ஓடிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். உலகத்தின் கண்ணுக்கு மலையாகத் தெரிந்தது, அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் 3.6 விநாடி, நான்கு சுற்றுக்கும் பிரித்தால் சுற்றுக்கு ஒரு விநாடிகூட இல்லை. தம் நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காட்டைத்தான் அவர் குறைக்க வேண்டியிருந்தது. உங்களிடம் கேட்கப்படும் 12 விநாடியோ எட்டு விழுக்காட்டுக்கும் மேல், அதுவும் மூன்றே மாதத்தில். அந்த எண்ணின் முன்னால் மனம் சோர்ந்துபோனால் அதை உங்கள் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இலக்கை அவர் பயிற்சிக்குள் கொண்டுவந்த விதம்தான் இதைவிட முக்கியமானது. 4 நிமிட மைல் என்றால் கால் மைலுக்கு 60 விநாடி. 1953 டிசம்பரில், நடுவே இரண்டு நிமிட இடைவெளி விட்டு, பத்துக் கால் மைல்களை ஒவ்வொன்றும் 66 விநாடியில் ஓடத் தொடங்கினார். மாதங்கள் செல்லச் செல்ல அதைக் குறைத்துக்கொண்டே வந்து, ஏப்ரலில் 61ஐத் தொட்டார். அங்கே நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் 60 வரவில்லை. அப்போது அவர் பயிற்சியைக் கூட்டவில்லை. நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாள் மலையேறினார். திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடி! 1954 மே 6 அன்று, காற்று வீசிய ஒரு மாலையில், ஆக்ஸ்போர்டில் 3 நிமிடம் 59.4 விநாடியில் மைலை முடித்தார்.

எனவே பயிற்சியாளருடன் உட்கார்ந்து பேசுங்கள். 2 நிமிடம் 12 விநாடியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொண்டு, இந்த மூன்று மாதத்துக்கு 2 நிமிடம் 20 விநாடியைக் கேளுங்கள். சுற்றுக்கு 70, அதாவது 200 மீட்டருக்கு 35 விநாடி. இப்போது உங்கள் வேகம் 36. வாரம் ஒருமுறை எட்டு 200 மீட்டர்களை, நடுவே இரண்டு நிமிட ஓய்வுடன், முதலில் 36இல் ஓடுங்கள். எட்டும் ஒரே சீராக வந்த பிறகு அரை விநாடி குறையுங்கள். நேரங்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஐந்தாம் இடம், மூன்றாம் இடம் என்பதெல்லாம் மற்றவர்களின் கால்களிலும் இருக்கிறது. 35 விநாடி உங்கள் காலில் மட்டுமே இருக்கிறது.

இன்னொன்று. எப்போதும் சோர்வு என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடும் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு மிகப் பரவலாகக் காணப்படுவது. இலக்கை மாற்றுவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் இலக்கை எல்லோரிடமும் சொல்லிவிட்டால் வைராக்கியம் கூடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உங்களோடு ஓடப்போகிறவர்களிடம் சொல்லுங்கள். பேனிஸ்டருக்கு முன்னால் ஓடி வேகத்தைக் காத்துக்கொடுத்தவர்கள் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும். அப்படிப்பட்ட இருவர் கிடைத்தால் போதும்.

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. சென்ற ஆண்டு 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஈட்டியை 64 மீட்டர் எறிந்தான். இந்த ஆண்டு 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 59ஐத் தாண்டவில்லை. நீரஜ் சோப்ரா 90ஐக் குறிவைத்ததுபோல என்று சொல்லி, சுவரில் ‘70’ என்று எழுதிவைத்து, தினமும் கூடுதலாக எறிகிறான். முழங்கை வலிப்பதாகவும் சொல்கிறான். ஊக்கப்படுத்தலாமா, தடுக்கலாமா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: முதலில் ஒரு கணக்கு. சென்ற ஆண்டு அவர் எறிந்தது 700 கிராம் ஈட்டி. இப்போது எறிவது 800 கிராம். தூரம் குறைவது இயல்பு. ஆகவே இந்த ஆண்டின் தொடக்கப்புள்ளி 64 அல்ல, 59. அங்கிருந்து 70 என்பது 11 மீட்டர். 62 அல்லது 63 என்று எழுதினால் அந்தச் சுவர் அவருக்கு உதவும்.

நீரஜின் கதையை முழுமையாகச் சொல்லுங்கள். 2022இல் ஸ்டாக்ஹோமில் 89.94 மீட்டர் எறிந்தார். 90க்கு 6 சென்டிமீட்டர் குறைவு. அந்த 6 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. இடையில் 2023இல் 88.17 மீட்டர் எறிந்து உலகச் சாம்பியன் ஆனார். 2024இல் பாரிஸில் 89.45 மீட்டருக்கு ஒலிம்பிக் வெள்ளி வென்றார். கடைசியில் 2025 மே மாதம் தோஹாவில் 90.23 எறிந்த அன்று, ஜெர்மனியின் ஜூலியன் வெபர் கடைசி எறிதலில் 91.06ஐத் தொட்டதால் நீரஜ் இரண்டாம் இடம்தான் பெற்றார். போட்டி முடிந்து வரும் மகனிடம் ‘எத்தனாவது வந்தாய்?’ என்பதற்கு முன்னால் ‘எவ்வளவு எறிந்தாய்?’ என்று கேளுங்கள்.

வலியைப் பொறுத்தவரை, தடுப்பதுதான் சரி. நீரஜுக்கே 2019இல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்து, அந்தப் பருவமே வீணானது. எறியும் எண்ணிக்கையைக் கூட்டித் தூரத்தை வாங்க முயல்வது இந்த வயதில் ஆபத்து. ஓட்டம், இடுப்பு, தோள், எறிவதற்கு முன் கடைசி அடியில் காலை ஊன்றும் விதம் ஆகியவற்றில்தான் தூரம் இருக்கிறது. வலி தீரும்வரை ஈட்டியை ஓரமாக வைத்துவிட்டு, இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 63 அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனாலும் போகட்டும்.